சங்கிலித் தொடர் வியாபாரமும் கிராமத்தார் ஆட்சேபங்களும்

அறுவடை முடிந்து கையில் நாலு காசு புழங்கும் மாதங்களில் நமது கிராமங்களுக்குப் புதிய வியாபார அழைப்புகள் வருவதுண்டு. அழைப்பவர் சோப்பு, சத்து மாவு, பயிர் ஊக்கி போன்ற பண்டங்களை விற்பதோடு நிற்பதில்லை. நம்மையும் அவ்வியாபாரத்தில் அங்கத்தினராகச் சேரச் சொல்லுகிறார். சேர்ந்தவர் தமக்குக் கீழே சிலரைச் சேர்க்க வேண்டும். அவர்கள் வேறு சிலரைச் சேர்க்க வேண்டும். கீழே நடைபெறும் விற்பனைக்கு மேலே உள்ளவர்களுக்குக் கமிஷன் கிடைக்கும். நெட்வொர்க் மார்க்கெட்டிங், எம்.எல்.எம்., சங்கிலித் தொடர் வியாபாரம் என்றெல்லாம் வழங்கப்படுவது இம்முறையே.

இவ்வழைப்பைக் கேட்டதும் மக்கள் சில ஆட்சேபங்களை எழுப்புகின்றனர். அழைப்பவர்களோ ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் பதிலை முன்னதாகவே பாடம் செய்து வருகின்றனர். அப்பதிலுக்கு மறுமொழி கூற இயலாமல் சேர்ந்துவிடுவோர் பலர். ஆகவே அந்த ஆட்சேபங்களில் எவ்வளவு நியாயம் உண்டு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது ஆட்சேபம், “என்னிடம் முதல் இல்லை” என்பது. “சிறு தொகைதான், விரைவில் திரும்பிவிடும்” என்பது அவர்கள் பதில். கறவை மாடு வாங்கும் விவசாயி மாட்டின் விலையை மட்டுமா பார்க்கிறார்? தீவனம், வைத்தியம், கறவை வற்றும் காலம் ஆகிய அனைத்தையும் கணக்கிடுகிறார். இங்கும் அக்கணக்கு அவசியம். கமிஷன் பெறும் தகுதி நீடிப்பதற்காக மாதந்தோறும் பண்டம் வாங்க வேண்டுமா? கூட்டங்களுக்குச் சென்றுவரச் செலவு என்ன? விற்காத சரக்கைத் திரும்பப் பெறுவார்களா? இவற்றைக் கேட்க வேண்டும். நேரடி விற்பனை பற்றி மத்திய அரசு 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், சேருவோரிடம் நுழைவுக் கட்டணம் பெறலாகாது என்றும், ஆள் சேர்ப்பதற்காக ஊதியம் தரலாகாது என்றும் கூறின. சேருவதற்கே பணம் கேட்பவரிடம் எச்சரிக்கை தேவை.

இரண்டாவது, “உறவினரிடமும் அண்டை வீட்டாரிடமும் எவ்வாறு விற்பது?” என்பது. “அவர்களுக்கு நன்மையே செய்கிறீர்கள்” என்று பதில் வரும். கிராமத்தில் கைமாற்றும், மொய்யும், நடவுக்கு ஆள் உதவியும் நம்பிக்கையின் மேல் நடைபெறுகின்றன. முகத்துக்கு அஞ்சி மறுக்க முடியாதவரிடம் விற்பது வியாபாரம் ஆகாது. பண்டம் நல்லதாயின் அதை ஊர்க் கடையில் கிடைக்கும் அதே வகைப் பண்டத்துடன் எடைக்கு எடை, விலைக்கு விலை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மேலே உள்ள பல படியினருக்கும் கமிஷன் தரப்பட வேண்டுமானால், அத்தொகை அப்பண்டத்தின் விலையில்தான் அடங்கியிருக்கும்.

மூன்றாவது, “மேலே இருப்பவருக்குத்தானே லாபம்?” என்பது. “கலெக்டருக்குக் கீழே தாசில்தார் இல்லையா? எங்கும் மேல் கீழ் உண்டு” என்பார்கள். தாசில்தார் தமக்குக் கீழே ஆள் சேர்த்தால்தான் சம்பளம் என்பதில்லை. இங்கோ நிலைமை வேறு. ஒருவர் 6 பேரைச் சேர்க்கிறார் என்போம். அந்த 6 பேரும் ஆளுக்கு 6 பேரைச் சேர்த்தால் 36. அடுத்த படியில் 216. நான்காம் படியில் 1,296. முதல்வர் உட்பட மொத்தம் 1,555 பேர். ஐந்தாம் படிக்கு மட்டும் 7,776 பேர் வேண்டும். வயது வந்தோர் 3,000 பேர் உள்ள ஊராட்சியில் எஞ்சியிருப்பவர் 1,445 பேரே. சங்கிலி நான்காம் படியில் நின்றால், 1,555 பேரில் 1,296 பேருக்குக் கீழே ஒருவரும் இரார். அதாவது ஆறில் ஐந்து பங்கினர் கடைசிப் படியினர். அவர்களுடைய உழைப்பிலோ திறமையிலோ குறை இல்லை. கணக்கே அவ்வாறு அமைந்துள்ளது.

நான்காவது, “எனக்கு நேரம் இல்லை, பேசத் தெரியாது” என்பது. “முன்னேறும் எண்ணம் உங்களிடம் இல்லை” என்று குற்றத்தை நம்மீது திருப்புவார்கள். இப்பதிலே மிகவும் தீங்கானது. ஏனெனில், பின்னர் நஷ்டம் அடைந்தவர் தம் சாமர்த்தியக் குறைவே காரணம் எனக் கருதி வெளியில் சொல்ல வெட்கப்படுகிறார். அவர் மௌனமாக இருப்பதனால் அடுத்த தெருவும் அடுத்த ஊரும் எச்சரிக்கை பெறாமல் போகின்றன.

ஐந்தாவது, “இது சட்டத்துக்கு உட்பட்டதா?” என்பது. கம்பெனிப் பதிவுச் சான்றையும் ஜி.எஸ்.டி. எண்ணையும் காட்டுவார்கள். கம்பெனி பதிவாகியுள்ளது, வரிக்குப் பதிவு செய்துள்ளது என்பதற்கு மேல் அவை எதையும் மெய்ப்பிப்பதில்லை. ஆள் சேர்ப்பதைக் கொண்டு பணம் சுழலும் திட்டங்களை 1978-ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் தடை செய்கிறது. நடத்துவது மட்டுமின்றி, அங்கத்தினராகச் சேருவதும் அச்சட்டப்படி குற்றமாகும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் பிறப்பிக்கப்பட்ட நேரடி விற்பனை விதிகள், பண்டங்களை உண்மையாகவே விற்கும் நிறுவனங்களை அனுமதித்து, பிரமிடுத் திட்டங்களைத் தடுக்கின்றன. விற்பனையாளருடன் நிறுவனம் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்ய வேண்டும். அபராதமின்றி விலகிக்கொள்ள ஒரு கால அவகாசம் தர வேண்டும். விற்பனையாளர் அடையாள அட்டையின்றியும் முன் அனுமதியின்றியும் வீட்டுக்கு வரலாகாது.

ஆகவே நேரடி விற்பனை அனைத்தும் மோசடி என நாம் கூறவில்லை. நல்லதையும் தீயதையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: பணம் யாரிடமிருந்து வருகிறது? சங்கிலியில் சேராத ஒருவர், பண்டம் தேவைப்பட்டு, அதன் விலைக்கே அதை வாங்குகிறாரா? ஆம் எனில் அது விற்பனை. சேருகிறவர்கள் தாமே வாங்கி, அப்பணமே மேலே செல்லுகிறதெனில், புதிய ஆள் வருவது நின்ற அன்றே அது நின்றுவிடும். மகளிர் சுய உதவிக் குழுவையும் கூட்டுறவுச் சங்கத்தையும் பாருங்கள். அவற்றின் நன்மை ஆள் பெருகுவதைச் சார்ந்ததன்று. இருக்கும் அங்கத்தினர் சேமித்து, கடன் பெற்று, ஒழுங்காகத் திருப்பிச் செலுத்தினாலே அவை நிலைத்து நிற்கும்.

இதில் ஊராட்சி உறுப்பினர்களின் பொறுப்பு பெரிது. பணச் சுழற்சித் திட்டம் என்று தெரிந்தே கூட்டம் நடத்த இடம் கொடுப்பதையும் 1978-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாகக் கருதுகிறது. சமுதாயக் கூடத்தைக் கேட்டு வருவோரிடம் நோக்கத்தையும் ஒப்பந்தப் படிவத்தையும் கேட்டறிவது நலம். தலைவரோ உறுப்பினரோ மேடையில் அமர்ந்தாலே, திட்டத்துக்கு ஊராட்சி உறுதி கூறியதாக மக்கள் எண்ணிவிடுவர். மேலே கூறிய கணக்கைக் கிராம சபையில் ஒரு முறை கரும்பலகையில் எழுதிக் காட்டலாம். குழுவில் கடன் பெற்ற தொகையை இதில் இடுவதற்கு முன் மகளிர் தமக்குள் கலந்து பேசலாம். ஏமாற்றம் அடைந்தவர் ரசீது, ஒப்பந்தம், பணம் அனுப்பிய விவரம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்தி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். காவல் துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவிலும் புகார் செய்யலாம்.

விதை வாங்கும்போது முளைப்புத் திறனைக் கேட்கும் விவசாயி, வியாபாரத்தில் சேரும்போதும் கேள்வி கேட்கத் தயங்க வேண்டுவதில்லை. ஆட்சேபம் எழுப்புவது கோழைத்தனம் அன்று. அது குடும்பத்தின் உழைப்பைக் காக்கும் விவேகம். திருப்தியான பதில் கிடைக்கும் வரை பணத்தைக் கொடாதிருப்பதே நன்று.