இருப்புப்பாதைப் பலகை விளையாட்டு வரைபடத்தில் நகரங்களை அமைத்தல்

பிரான்சிஸ் டிரெஷாம் வடிவமைத்து 1986இல் வெளிவந்த '1830' என்னும் பலகை விளையாட்டு, வடகிழக்கு அமெரிக்காவின் இருப்புப்பாதைக் குழுமங்களைக் களமாகக் கொண்டது. அதன் நிலப்பரப்பு அறுகோணக் கட்டங்களால் ஆனது. இத்தகைய பரப்பைக் கணினியில் உருவாக்கும் வரைபடத் தொகுப்பிகளில் நகரம் வெறும் வட்டமன்று. வருவாய், நிலைய இடங்களின் எண்ணிக்கை, வந்து சேரும் பாதைகள் ஆகியவற்றின் தொகுதியே அது.

கட்டத்தின் எப்பக்கங்கள் நகரத்தோடு இணைகின்றன எனச் சுட்டினால் பாதைகள் அமைந்துவிடும். வருவாயும் எளிதே: சாதாரண நகரத்திற்கு மஞ்சள் பாதையட்டையில் 20, பச்சையில் 30, பழுப்பில் 40.

இடர்ப்பாடு நிலைய இடங்களில்தான் எழுகிறது. ஒரே கட்டத்தில் இரு நிலையங்களுக்கு இடமளிக்க இரு வழிகள் உள்ளன. ஒன்று, இரண்டு இடங்கள் கொண்ட ஒரு நகரம். மற்றொன்று, ஓரிடம் மட்டுமே கொண்ட இரு நகரங்கள். திரையில் இரண்டிலும் இரு வட்டங்களே தென்படும். முன்னதில் பாதைகள் யாவும் ஒரு முனையில் கூடுகின்றன. ஓரிடம் காலியாக உள்ளவரை எக்குழுமத்தின் தொடர்வண்டியும் கடந்து செல்லலாம். பின்னதில் ஒரு நகரத்திலிருந்து மற்றதற்கு அக்கட்டத்தினுள் வழியில்லை. ஒரு நிலையம் அமைந்த அளவிலேயே அந்நகரத்தைப் பிற குழுமங்கள் கடக்க இயலாது.

'1830'இன் நியூயார்க் இரண்டாம் வகையைச் சார்ந்தது. அதனை ஒரே நகரமாகப் பதிந்தால், அங்குத் தாய்நிலையம் கொண்ட நியூ ஹேவன் குழுமம் தன் அரணை இழக்கும். வரைபடமோ பார்வைக்குப் பிழையற்றதாகவே இருக்கும். சிகாகோ முதலிய எல்லைப்பகுதிகளில் நிலையமே அமைக்க இயலாது. ஆதலின் அவற்றை நகரமென அறிவித்தலும் பொருந்தாது.