அமெரிக்க கிளையன்ட்டைத் தேடுவதற்கு முன் சிப்காட்டைப் பாருங்க: விர்ச்சுவல் அசிஸ்டென்ட் தொழில் தொடங்குவது எப்படி?

காலை நேரத்தில் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் சென்னைக்குக் கிளம்பும் மின்சார ரயில்களில் நிற்கவே இடம் கிடைக்காது. பி.காம் முடித்து, பில் போடவும் மெயில் அனுப்பவும் தினமும் சென்னைக்குப் போய் வருகிறவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய பேர். அதே வேலையை வீட்டிலிருந்தபடி, மூன்று நான்கு நிறுவனங்களுக்குச் சேர்த்துச் செய்ய முடியாதா? முடியும். அதுதான் விர்ச்சுவல் அசிஸ்டென்ட், சுருக்கமாக வி.ஏ. (வி.ஏ.ஓ. இல்லை!)

தமிழ்நாட்டுக்கு இது அந்நியமான தொழிலும் அல்ல. 1999-இல் சென்னையில் வேலையைத் தொடங்கிய ஆஃபிஸ்டைகர், நியூயார்க் முதலீட்டு வங்கிகளின் ஆவணங்களை இங்கிருந்து தயாரித்துக் கொடுத்தே வளர்ந்தது. 2006-இல் ஆர்.ஆர். டானெலி நிறுவனம் அதை 25 கோடி டாலருக்கு வாங்கியது. 2005-இல் ஏ.ஜே. ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர், தன் அன்றாட வேலைகளை பெங்களூருவில் உள்ள உதவியாளர்களிடம் விட்டுப் பார்த்து, அந்த அனுபவத்தை ‘எஸ்குயர்’ இதழில் எழுதினார். அவர் பயன்படுத்திய இரண்டு நிறுவனங்களில் ஒன்று டிடிகே குழுமத்துடையது. ஆமாம், பிரஷர் குக்கர் டிடிகேதான். அன்று நிறுவனங்கள் செய்ததை இன்று ஒரு லேப்டாப்போடு தனி ஆளே செய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

வாடிக்கையாளர் எங்கே?

யூடியூபில் கேட்டால் ‘அப்வொர்க்கில் புரொஃபைல் போடுங்கள்’ என்பார்கள். போடலாம். ஆனால் முதல் வேலை கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம், உலகம் முழுக்க போட்டி, கிடைத்த பணத்திலும் தளம் 15 சதவீதம் வரை எடுத்துக்கொள்ளும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் காக்களூர் தொழிற்பேட்டையும் பக்கத்திலேயே இருப்பவருக்கு இன்னொரு வழி இருக்கிறது.

பத்துப் பதினைந்து பேர் வேலை செய்கிற ஒரு பட்டறையை எடுத்துக்கொள்வோம். முதலாளியே மெஷின் பக்கமும் நிற்பார், போனையும் எடுப்பார். முழுநேர ஆபீஸ் ஆளுக்குச் சம்பளம் கொடுக்க அவருக்குக் கட்டாது. ஆனால் வேலை நிற்காதே! மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1, 15-க்குள் பி.எஃப்., இ.எஸ்.ஐ., 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி. ரிட்டர்ன் தாக்கல் செய்வது ஆடிட்டரின் பொறுப்பு. அதற்கான பில்களைச் சேர்த்து, எக்செல்லில் ஏற்றி, விடுபட்டதைத் துரத்திப் பிடிப்பதுதான் வி.ஏ.வின் வேலை.

இ-வே பில் இன்னும் சூடான விஷயம். தமிழ்நாட்டுக்குள் சரக்கு அனுப்பினால் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல்தான் அது தேவை. கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம் ஆந்திரா. எல்லை தாண்டும் சரக்குக்கு வரம்பு 50,000 ரூபாய். சாதாரண சரக்கென்றால் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்ற கணக்கில்தான் பில் செல்லுபடியாகும். ராத்திரி 11 மணிக்கு லாரி பழுதாகி, சரக்கை வேறு வண்டிக்கு மாற்றினால், பகுதி-பி-யில் புது வண்டி எண்ணை ஏற்றியே ஆக வேண்டும். பில்லே இல்லாமல் வண்டி பிடிபட்டால், சரக்கை மீட்க வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். அந்த நேரத்தில் போனை எடுக்கிற ஒருவர் இருந்தால், முதலாளி அவரை எளிதில் விடமாட்டார். மெயில் எழுதும் வேலையை ஏஐ எடுத்துக்கொண்டு போகலாம். லாரி டிரைவரைக் கூப்பிட்டு வண்டி எண்ணை வாங்குவதை இப்போதைக்கு மனிதர்தான் செய்ய வேண்டும். தெலுங்கோ இந்தியோ பேசத் தெரிந்தால் இந்தப் பகுதியில் அது கூடுதல் பலம்.

காசு விஷயம்

‘பார்த்துப் போட்டுக் கொடுங்க சார்’ என்று ஆரம்பித்தால் வேலைக்கு ஆகாது. மாதத்துக்கு எத்தனை மணி நேரம், என்னென்ன வேலை, எத்தனை மணி வரை போன் எடுப்பீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். உதாரணமாக, மாதம் 40 மணி நேரம், மணிக்கு 250 ரூபாய் என்றால் 10,000 ரூபாய். அப்படி மூன்று பேர் கிடைத்தால் 30,000. இதில் கரன்ட், இன்டர்நெட், லீவு நாள் எல்லாம் உங்கள் கணக்கு, பி.எஃப். கிடையாது என்பதையும் மறக்காதீர்கள்.

உள்ளூர் வாடிக்கையாளரிடம் பெரிய தலைவலி, பணம் தள்ளித் தள்ளி வருவது. இதற்கு ஒரு ஆயுதம் உண்டு: உத்யம் பதிவு. ஆதார் இருந்தால் ஆன்லைனில் இலவசம். இதற்குக் காசு கேட்கும் இணையதளங்களை நம்பாதீர்கள். 2006-ஆம் ஆண்டின் சிறு தொழில் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 15 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. புகாரும் கொடுக்கலாம். நிஜத்தில் வாடிக்கையாளர் மேல் யாரும் அவ்வளவு சீக்கிரம் புகார் கொடுப்பதில்லை. ஆனால் பில்லில் உத்யம் எண்ணை அச்சிட்டாலே பாதி வேலை முடியும். கெடு தாண்டி நிலுவையில் கிடக்கும் தொகையை, பணம் கொடுக்கும் ஆண்டு வரை செலவுக் கணக்கில் காட்ட முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் விதி வந்துவிட்டது. மார்ச் மாதத்தில் ஆடிட்டரே உங்களுக்காகக் கேட்பார்.

வாடிக்கையாளர் டிடிஎஸ் பிடித்தால் அது படிவம் 26ஏஎஸ்-இல் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வரவு 20 லட்சம் வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. அமெரிக்க வாடிக்கையாளர் கிடைத்தால் நேரத்தை யோசியுங்கள்: நியூயார்க்கில் காலை 9 மணி என்பது இங்கே கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30.

ஓடிபி கேட்காதீர்கள், கொடுக்காதீர்கள்

முதலாளி அவசரத்தில் பேங்க் பாஸ்வேர்டையே வாட்ஸ்அப்பில் அனுப்புவார். வாங்காதீர்கள். நாளைக்கு ஏதாவது பணம் காணாமல் போனால் முதல் சந்தேகம் உங்கள் மேல்தான். இ-வே பில் தளத்தில் ‘சப்-யூசர்’ கணக்கு உருவாக்கலாம். நிறுவனங்களுக்கான நெட் பேங்கிங்கில் ஒருவர் பதிவு செய்ய, இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதி பெரும்பாலும் உண்டு. அதையே கேளுங்கள்.

வேலை தேடும்போதும் இதே எச்சரிக்கை வேண்டும். ‘வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி, ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று வந்தால் அது வேலை இல்லை, மோசடி. ‘உங்கள் அக்கவுன்ட்டில் பணம் வரும், கமிஷன் எடுத்துக்கொண்டு மாற்றி விடுங்கள்’ என்பது அதைவிட ஆபத்து. போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்குத்தான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.