வீட்டிலேயே ஒரு சின்னப் படகு

தச்சு வேலை தெரியாதவர் படகு கட்ட முடியுமா? முடியும். 1963-இல் இங்கிலாந்தில் ‘மிரர்’ என்ற 3.3 மீட்டர் பாய்ப்படகை, வீட்டில் பூட்டிக்கொள்ளும் துண்டுகளாகவே விற்றார்கள். இதுவரை 70,000-க்கும் மேல் உருவாகியிருக்கின்றன. நீங்களும் அந்த முறையையே பின்பற்றலாம்.

அது என்ன முறை? தைத்து ஒட்டுவது. வரைபடப்படி அறுத்த பிளைவுட் பலகைகளின் ஓரத்தில் அரை அடிக்கு ஒரு துளை போட்டு, செம்புக் கம்பியால் சேர்த்து முறுக்குங்கள். பலகை வளைந்து படகின் உருவம் தானே வந்துவிடும். இணைப்புகளில் எபாக்ஸி (இரண்டு திரவங்கள் கலந்தால் இறுகும் பசை) பூசி, கண்ணாடி இழைத் துணியை ஒட்ட வேண்டும். படகைத் தைப்பது நமக்குப் புதிதல்ல: சோழமண்டலக் கரையின் மசூலா படகுகளும் கயிற்றால் தைத்தவைதான்.

எந்த பிளைவுட்? ‘ஐ.எஸ். 710’ முத்திரையுள்ள மரைன் பிளைவுட் கேளுங்கள். சிறு படகுக்கு 6 மி.மீ. கனம் போதும். முத்திரையை மட்டும் நம்பாமல் வெட்டு முனையையும் பாருங்கள். நடு அடுக்குகளில் பொந்து தெரிந்தால் வாங்காதீர்கள். தண்ணீர் அங்கேதான் தங்கும், பலகை அங்கிருந்துதான் உளுத்துப்போகும்.

எப்போது தவறு நடக்கும்? பசை பூசுவதற்கு முன்னால். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு நேரான குச்சிகளைக் குறுக்கே வைத்து, பின்னாலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரியாவிட்டால் படகு முறுக்கியிருக்கிறது. இப்போது கம்பியைத் தளர்த்திச் சரிசெய்யலாம். பசை இறுகிவிட்டால், படகு கடைசிவரை ஒரு பக்கமாகவே இழுக்கும்.

சீக்கிரம் காய ஹார்டனரை (பசையை இறுக வைக்கும் திரவம்) கூட்டலாமா? கூடாது. டப்பாவில் போட்டிருக்கும் கலவை விகிதம் மாறினால் பசை கடைசிவரை பிசுபிசுக்கும். நம் வெயிலுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, அகலமான தட்டில் ஊற்றுங்கள். கிண்ணத்தில் நிறையக் கலந்தால் அது தானே சூடேறிப் புகையும். கையுறை கட்டாயம். பசை தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு அதைத் தொடவே முடியாது.

எங்கே வைத்துக் கட்டுவது? காற்றோட்டமுள்ள நிழலில். முதலில் வாசல் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். உள்ளே போன பலகை, படகாகத்தான் வெளியே வரும்.

தண்ணீர் புகுந்தால் மூழ்குமா? இரு முனைகளிலும் காற்றறை அடைத்துக் கட்டினால் மிதக்கும். முழங்கால் ஆழத்தில் படகு நிறையத் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். அதில் தேறினாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள்.