மணியணிகளில் குறிப்புப் பொருள்

ஆடையின்மேல் ஊசியாற் செருகி அணியும் அணியை ஆங்கிலேயர் புரூச் என்பர். ஆடையைச் சேர்த்துப் பிணிக்கும் கருவியாகத் தோன்றிய இது, பொன்னும் மணியும் பெற்று அழகணியாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அவ்வளவில் நில்லாது, அணிவாரின் உள்ளக் கருத்தை உணர்த்தும் குறிப்பு மொழியாகவும் அமைந்தது. அக்குறிப்பு பிறக்கும் வகையும், அதனைப் பிழையறப் படிக்கும் முறையும் ஈண்டு ஆராயப்படுவன.

குறிப்பு மூவகையாற் பிறக்கின்றது. அவை உருவம், நிறம், பெயர் என்பன.

உருவத்தாற் பிறப்பதற்குப் பாம்பு தக்க சான்று. தன் வாலைத் தானே கவ்விய பாம்பு, தொடக்கமும் முடிவும் இல்லாத வட்டமாதலின், முடிவிலாக் காதலைக் குறித்தது. விவிலியத்துள் பாம்பு வஞ்சிக்கும் தீமையின் உரு. ஆயினும், அந்நூலைப் போற்றிய மக்களே அதனைக் காதலணியிற் பொறித்தனர். 1839இல் விக்டோரியா அரசியார் ஆல்பர்ட்டிடமிருந்து பெற்ற மணவுறுதி மோதிரமும் மரகதம் பதித்த பாம்பு வடிவினதே. 1840இல் நிகழ்ந்த திருமணத்தில் அரசியாரின் நீள் ஆடையை ஏந்திவந்த மகளிர் பன்னிருவர்க்கும் கழுகு வடிவப் புரூச்சுகள் அளிக்கப்பட்டன. அக்கழுகு மணமகனின் கோபர்க் குடிக்குரிய சின்னம். ஆகவே, உருவத்தின் பொருள் அவ்வுருவத்திலேயே அடங்கியதன்று. இடமும் உறவும் நோக்கியே அது துணியப்படும்.

நிறத்தின் நிலையும் அன்னதே. ‘என்னை மறவாதே’ என்று பொருள்படும் பெயருடைய சிறு நீலப்பூ ஒன்று ஐரோப்பாவில் உண்டு. அதன் இதழ்களை டர்க்குவாய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கற்களால் அமைத்தனர். மணவணியில் தூய்மையைக் குறித்த முத்து, இரங்கலணியிற் கண்ணீரைக் குறித்தது. 1861 டிசம்பர் 14இல் ஆல்பர்ட் மறைந்தபின் அரசியார் மேற்கொண்ட நெடிய துயர்க்கோலத்தால், விட்பி ஊரின் ஜெட் என்னும் கரிய பொருள் பெருவழக்குப் பெற்றது. அது கல்லன்று, நெடுங்காலம் மண்ணுட் புதையுண்டு இறுகிய மரம்.

மூன்றாவது வகை மொழி ஆராய்வார்க்குப் பெரிதும் பயன்படுவது. கற்களின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ஒரு சொல் அமையுமாறு கற்களை நிரல்படப் பதிப்பது இதன் இயல்பு. ரூபி, எமரால்டு, கார்னெட், அமெதிஸ்ட், ரூபி, டைமண்டு என வரிசையாகப் பதித்தால், முதலெழுத்துகள் சேர்ந்து ‘ரிகார்டு’ எனும் சொல்லாகும். நன்மதிப்பு என்பது அதன் பொருள். இக்கற்களையே மாணிக்கம், மரகதம் எனத் தமிழாற் பெயரிட்டுப் படிப்பின் அச்சொல் மறைந்தொழியும்.

மொழி ஒன்றேயாயினும் காலம் மாறினாற் சொல் கெடும். காதலைக் குறிக்கும் ‘லவ்’ என்னும் சொல்லை லாபிஸ் லாசுலி, ஓபல், வெர்மெயில், எமரால்டு என்னும் நான்கு கற்களால் அமைத்தனர். இவற்றுள் வெர்மெயில் என்பது நாம் கோமேதகம் என வழங்கும் கல்லுக்கு அந்நாளில் இருந்த பெயர். இன்று கல்லாய்வாளர் அதனை ஹெசோனைட் என்பர். இப்புதுப்பெயர் கொண்டு படிப்பின் மூன்றாம் எழுத்துத் தவறிச் சொல் சிதையும். பழைய உரையிற் காணும் சொல்லுக்கு இன்றைய பொருளை ஏற்றுவதால் நேரும் பிழையோடு இஃது ஒக்கும்.

பிறிதோர் இடர்ப்பாடும் உண்டு. உதிர்ந்த கல்லுக்கு ஈடாகப் பிற்காலப் பொற்கொல்லர் வேறொரு கல்லைப் பதித்திருத்தல் கூடும். நிறம் ஒத்ததாயினும் பெயர் வேறாயின் எழுத்தும் வேறாம். ஏடெழுதுவோர் பிழையாற் பாடம் திரிதல் போல்வது இது. பழைய புரூச்சுகளில் ஊசிமுனையைத் தாங்கியது எளிய கொக்கியே. ஊசி கழலாது காக்கும் பூட்டமைப்புப் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டிற் பரவியது. பழைய அணியிற் பூட்டுக் காணப்படின், அது பின்னர்ச் செப்பஞ் செய்யப்பட்டதாகலாம் எனக் கொண்டு, கற்களையும் ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும்.

ஆகவே, இன்ன உருவுக்கு இன்ன பொருள் என்று பட்டியல் வகுத்து எல்லா அணிகளுக்கும் பொருத்துதல் ஆய்வு நெறியன்று. செய்த காலம், அணிந்த சூழல், வழங்கிய மொழி, பின் நேர்ந்த திருத்தம் ஆகிய நான்கையும் தெளிந்த பின்னரே குறிப்புப் பொருளைத் துணிதல் வேண்டும். அவ்வாறு துணியுமிடத்து, மணியணியும் ஒரு பனுவலாகும். அதற்கும் பாட ஆராய்ச்சி இன்றியமையாததாகும்.