பாசப்பிணைப்பு உருவாகும் விதம்

பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை, யார் தூக்கினாலும் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஏழெட்டு மாதம் ஆனதும் நிலைமை மாறுகிறது. அறிமுகமில்லாதவர் கை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அம்மா அறையை விட்டு வெளியேறினால் வீறிட்டு அழுகிறது. இது பிடிவாதம் அன்று. தன்னைப் பேணுபவர் யார் என்பதைக் குழந்தை உணர்ந்துவிட்டதற்கான அடையாளமே இது. இந்த உறவையே பாசப்பிணைப்பு என்கிறோம்.

பசி தீர்ப்பவரிடமே குழந்தை பாசம் கொள்ளும் என்று ஒரு காலத்தில் பலரும் எண்ணினர். அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ இக்கருத்தைச் சோதித்து, 1958ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகளுக்கு அவர் இரண்டு பொம்மைத் தாய்களை அமைத்தார். ஒன்று கம்பியால் ஆனது. மற்றொன்று மென்மையான துணி போர்த்தியது. கம்பித் தாயிடம் மட்டுமே பால் கிடைத்தபோதும், குட்டிகள் பாலைக் குடித்துவிட்டுத் துணித் தாயிடமே திரும்பின. அஞ்சியபோதும் அதையே கட்டிக்கொண்டன. குட்டிகளைத் துன்புறுத்திய இச்சோதனை பின்னர்க் கண்டனத்துக்கு உள்ளானது. ஆயினும், பாசத்துக்குப் பால் மட்டும் போதாது, அரவணைப்பும் வேண்டும் என்பதை அது உணர்த்தியது.

அக்காலத்தில் பிரிட்டனின் பல மருத்துவமனைகள், சிகிச்சை பெறும் பிள்ளைகளைப் பெற்றோர் அடிக்கடி காண அனுமதிக்கவில்லை. பெற்றோர் வந்து சென்றால் பிள்ளைகள் அழுவார்கள். வராவிட்டால் அமைதியாகிவிடுவார்கள் என்று கருதப்பட்டது. மனநல மருத்துவர் ஜான் போல்பியும் அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சனும் இதை ஏற்கவில்லை. பிரிவுக்கு ஆளான குழந்தைகள் முதலில் அழுது, பிறகு சோர்ந்து, இறுதியில் பெற்றோரிடமிருந்தே விலகிப்போவதை அவர்கள் கண்டனர். ‘அமைதி’ எனப்பட்டது உண்மையில் துயரமே. மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமியை ராபர்ட்சன் படம்பிடித்து, 1952இல் மருத்துவர்களுக்குத் திரையிட்டார். முதலில் எதிர்ப்பு எழுந்தது. எனினும், 1959இல் பிரிட்டிஷ் அரசுக்கு அளிக்கப்பட்ட பிளாட் அறிக்கை, பெற்றோர் தம் பிள்ளைகளைத் தடையின்றிக் காண அனுமதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பாசப்பிணைப்பு தாயிடம் மட்டுமே உருவாவதில்லை. அழும்போது தூக்கி, சிரிக்கும்போது சிரித்து, பேசி விளையாடும் தந்தையிடமும் பாட்டியிடமும் குழந்தை பராமரிப்பாளரிடமும் அது உருவாகும். உடனிருக்கும் நேரம் எவ்வளவு என்பது மட்டும் முக்கியமன்று. குழந்தையின் குறிப்பறிந்து அன்புடன் தொடர்ந்து பதிலளிப்பதும் முக்கியம்.

அடிக்கடி தூக்கினால் குழந்தை கைவிட்டு இறங்காது என்று சிலர் அஞ்சுவதுண்டு. ஆனால், தனக்கு ஒருவர் இருக்கிறார் என்ற உறுதியே குழந்தைக்குத் துணிவைத் தருகிறது. அத்தகைய குழந்தை தயங்காமல் தவழ்ந்து சென்று புதிய பொருள்களைத் தொட்டுப் பார்க்கும். அச்சம் ஏற்பட்டால் தனக்கு உரியவரிடம் ஓடிவரும். ஆறுதல் பெற்றதும் மீண்டும் விளையாடச் செல்லும்.