உப்புக்காற்றில் மூன்று சைக்கிள்கள்

மரக்காணத்து உப்பளங்களை ஒட்டிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடியற்காலையில் நின்று பார்ப்பவர், தலைக்கவசம் அணிந்து, முதுகை வளைத்துக் குனிந்து, சென்னையிலிருந்தோ புதுச்சேரியிலிருந்தோ விரைந்து வரும் மெல்லிய டயர்ச் சைக்கிள்காரர்களையும், தூக்குச்சட்டியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்த முதுகோடு அளத்து வரப்பை நோக்கி நிதானமாகச் செல்லும் தொழிலாளியையும் ஒரே காட்சியில் காணலாம். முன்னவர்களில் சிலருடைய வீடுகளில் இன்னும் இரண்டு சைக்கிள்கள் நிற்கும். கடைத்தெருவுக்கு ஒன்று, மணலுக்கோ மலைக்கோ மற்றொன்று. இருப்பவை இரண்டு கால்கள், அவற்றுக்கு எத்தனை சைக்கிள் என்று வீட்டார் கேட்பது நியாயமே. ஆயினும் பௌதிக சாஸ்திரம் இந்த வழக்கில் ஓரளவு சைக்கிள்காரர் பக்கமே பேசுகிறது.

சமதளத்தில் மிதிப்பவரை எதிர்ப்பவை முக்கியமாக இரண்டு: காற்றின் தடை, தரையில் டயர் நசுங்கி உருள்வதால் விளையும் தடை. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து செல்பவருக்கு இவ்விரண்டும் ஏறக்குறையச் சமமாகவே இருக்கும். காற்றுத் தடையோ வேகத்தின் வர்க்கத்தையொட்டி வளர்வதாகையால், 30 கிலோமீட்டரை எட்டும்போது செலவிடும் சக்தியில் முக்கால் பங்கு காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. கார்த்திகையில் வாடை வீசும் நாளில் புதுச்சேரியிலிருந்து வடக்கே திரும்புபவர், தாம் 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல, எதிரே காற்று 15 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், உடம்பில் மோதுவது 40 கிலோமீட்டர் வேகக் காற்று. தடை இரண்டரை மடங்கு. அந்நிலையில் மார்பைத் தாழ்த்த உதவும் வளைந்த கைப்பிடியை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். அதே கைப்பிடியோடு கறிகாய் வாங்கப் போகிறவருக்கு, குனிந்ததற்குக் கூலி முதுகுவலிதான்.

தரையின் கணக்கு இன்னும் சுவாரஸ்யமானது. ஆளும் வண்டியுமாக 180 ராத்தல், அதாவது 82 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயரில் சதுர அங்குலத்துக்கு 90 ராத்தல் அழுத்தம் இருந்தால், இரண்டு டயர்களும் சேர்ந்து பூமியைத் தொடுவது உத்தேசமாக இரண்டே சதுர அங்குலம். தார்ச்சாலைக்கு அது போதும். உலர்ந்த மணலோ அவ்வளவு பாரத்தை அவ்வளவு சிறிய இடத்தில் தாங்கமாட்டாமல் விலகிக்கொள்ள, சக்கரம் புதைந்து, தன் முன்னே தானே எழுப்பிய மேட்டை ஓயாமல் ஏறிக்கொண்டிருக்க நேரிடும். நாலு அங்குல அகலமுள்ள டயரில் 10 ராத்தல் மட்டும் காற்றடைத்தால் தொடும் பரப்பு 18 சதுர அங்குலமாகிறது, மணல் தாங்கிக்கொள்கிறது. அலை நனைத்துப்போன மணல் வேறு. துகள்களுக்கிடையே நிற்கும் நீரின் பரப்பு இழுவிசை அவற்றைப் பிணைத்துவைப்பதால், அங்கே மற்றச் சைக்கிள்களும் ஒருவாறு ஓடிவிடும்.

உப்பள வரப்பு மணலுமல்ல, தாருமல்ல. அங்கே 28 அங்குலச் சக்கரமும் ஒன்றரை அங்குல டயரும் கொண்ட பழைய கறுப்புச் சைக்கிளே பொருத்தம். முருகப்பா குழுமத்தாரின் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தோன்றி, ஹெர்குலிஸ் என்ற பெயரில் தமிழ்நாட்டுக்கு வழங்கியது இந்த ஜாதிதான். பிற்காலத்தில் மாண்ட்ரா என்ற பெயரில் மெல்லிய டயர் வண்டிகளையும் அதே நிறுவனம் விற்கலாயிற்று.

இதுவரை விசைகளின் கணக்கு. மரக்காணத்தில் ரசாயனமும் தன் பங்கைக் கேட்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் சாதாரண உப்பு தானே நீரை இழுத்துக்கொண்டு கரைசலாகிறது. கடலுப்போடு கலந்துவரும் மக்னீஷியம் குளோரைடு சுமார் 33 சதவீதத்திலேயே கசிந்துவிடும். ஆகவே கடற்காற்று சைக்கிளின்மேல் படியவிட்ட உப்பு, மழையே இல்லாத நாளிலும் இரவெல்லாம் ஈரமாக இருக்கும். துருவுக்கு வேண்டிய நீரும் பிராணவாயுவும் இருக்க, உப்பு அந்நீரை மின்சாரம் கடத்தும் திரவமாக்கிக் காரியத்தைத் துரிதப்படுத்துகிறது. துருவுக்கு அஞ்சி அலுமினியத்தையும் கார்பன் நாரையும் நாடுபவருக்கும் முழு விமோசனம் இல்லை; அலுமினியத்தைக் காக்கும் ஆக்ஸைடு படலத்தைக் குளோரைடு துளைக்கும்; கார்பன் சட்டத்துக்குள் அலுமினியத் தண்டு செருகியிருந்தால், ஈரம் புகுந்த இடத்தில் சிறியதொரு மின்கலமே உண்டாகி, அலுமினியம் அரிபட்டு, சீட்டுத் தண்டு அசைக்க முடியாதபடி இறுகிவிடும்.

இதனால் இந்தக் கரையில் ஓடும் சைக்கிளைக் காட்டிலும் நிற்கும் சைக்கிளுக்கே ஆபத்து அதிகம். ஓடுவதைச் சொந்தக்காரர் துடைக்கிறார், செயினுக்கு எண்ணெய் விடுகிறார். நிற்பதைத் தார்ப்பாயால் மூடிவிட்டு மறந்துபோகிறார், தார்ப்பாயோ ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கிறது. எத்தனை சைக்கிள் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பவர், எத்தனையைத் தம்மால் கழுவமுடியும் என்று முதலில் எண்ணிப்பார்க்க வேண்டும். கழுவுவதிலும் ஒரு சங்கடம்: கடலோரத்து நிலத்தடி நீரே பல இடங்களில் உவர்ப்பு, அதைக் கொண்டு கழுவி உலரவிட்டால் போன உப்புக்குப் பதில் புது உப்பு வந்து உட்காரும். ஐப்பசி மழையில் தொட்டியில் பிடித்துவைத்த நீர் அரை வாளி போதும். பீய்ச்சி அடித்தால் நீர் பால்ரஸ்வரைக்கும் புகுந்துவிடுமாதலால், ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, செயினுக்கு எண்ணெயும் சீட்டுத் தண்டுக்குக் கிரீஸும் இடுவதே முறை.

வாரந்தோறும் இதைச் செய்ய மனமுள்ளவர் மூன்றும் வைத்துக்கொள்ளட்டும். ஒன்றே போதும் என்பவருக்கு, செயின் முழுவதையும் மூடிய கவரோடு வரும் பழைய கறுப்பு வண்டியைத்தான் நான் சொல்வேன். அதில் எது துருப்பிடித்தாலும், மாற்றிக்கொடுக்கச் சாலையோரத்துப் பஞ்சர் கடைக்காரரே போதும்.