சோலைக்கிளியும் கணவாய்களும்

விஸ்வநத்தத்திலிருந்து மேற்கே சென்று திருவில்லிபுத்தூரைக் கடந்தால் மலையடிவாரம் வந்துவிடும். அம்மலைத்தொடரின் உச்சிச் சோலைகளையன்றி உலகில் வேறெங்கும் வாழாத ஒரு பறவைப் பேரினத்தை ஈண்டுக் காண்போம். அதன் அறிவியற்பெயர் ஷோலிகோலா. 'சோலை' என்னும் நம் சொல்லுடன், வாழ்வது எனப் பொருள்படும் இலத்தீன் ஈறு சேர்ந்து அமைந்த பெயர் இது. பொதுப்பெயரோ சோலைக்கிளி. பெயர் கேட்டுப் பச்சைக்கிளியை எண்ணிவிடலாகாது. மலையாளத்தில் 'கிளி' என்பது சிறு பறவைகளுக்கெல்லாம் பொது. இது ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சார்ந்த நீலநிறச் சிறு பறவை. சோலையின் அடிநிழலில் பூச்சி தேடி உண்பது.

நீலகிரிப் பறவையை 1840-களில் ஜெர்டனும், பழனிமலையின் வெண்வயிற்றுப் பறவையை 1860-களில் பிளான்ஃபோர்டும் விவரித்தனர். பின்வந்தோர் இரண்டையும் ஒரே இனத்தின் கிளைகளாக்கி, கிழக்காசியப் பறவைகள் அடங்கிய பேரினத்தில் வைத்தனர். 2005-இல் அவை மீண்டும் இரு இனங்களாயின. 2017-இல் வி. வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி முதலியோர் மரபணு, குரல், உடலளவு ஆகியவற்றை ஒப்பிட்டு, இவை தனிப் பேரினமே என நிறுவினர். மூன்றாவதாக அசம்பு இனத்தையும் பிரித்துக் காட்டினர்.

பிரித்தவர் அறிஞர் என்றாலும், பிரிவை உண்டாக்கியவை கணவாய்களே. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே, நீலகிரி முதல் கருநாடகத்துப் பாபாபுதன் மலைவரை ஓர் இனம். அதற்குத் தெற்கே ஆனைமலை, பழனிமலை, மேகமலைப் பகுதிகளில் வெண்வயிற்று இனம். செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே, அகத்தியமலைச் சோலைகளில் அசம்பு இனம். செங்கோட்டையிலிருந்து புனலூர் செல்லும் இரயிலில் நாம் எளிதாய்க் கடக்கும் இடைவெளி, குளிர்ச்சோலை விட்டிறங்காத இப்பறவைக்குக் கடல் போன்றது.

இப்பகுப்பு வெறும் பெயர்ச்சண்டையன்று. ஓரினமென்று கொண்டால், ஒரு மலையின் சோலை அழிந்தாலும் பறவை பிற மலைகளில் பிழைத்திருக்கும் என அமைதி கொள்ளலாம். மூவினம் என்றான பின் அவ்வமைதிக்கு இடமில்லை. அகத்தியமலையில் அழிவது உலகிலேயே அழிவதாகும். தேயிலைக்கும் யூகலிப்டசுக்கும் சீகை மரத்துக்கும் மலைகள் இழந்த நிலம் சிறிதன்று. வெப்பம் மிகுந்தால் இன்னும் மேலே ஏறிச்செல்லவும் உச்சிவாழ் உயிர்க்கு இடமில்லை. நீலகிரி இனம் இன்று அருகிவரும் உயிர்களின் பட்டியலில் உள்ளது.

நம் மாவட்டத்து மலையும் மேகமலையும் சேர்ந்த பகுதி 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்குக் காவல் தேடித் தந்தது புலியின் பெயர்தான்.